அப்பா ஏலத்துக்குக் கொடுத்த மாக்னெட்டோ

எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கிற காரைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். ஓடுமா? ஓடினால் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? நூறு வயதை நெருங்கும் ஒரு காரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? நான் பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் மெக்கானிக்கல் பாடம் நடத்தியவள். அசட்டுக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லத்தான் சம்பளம் வாங்கினேன். ரிட்டயர் ஆன பிறகு அதை இலவசமாகச் செய்ய முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அதனாலேயே இப்போதெல்லாம் அதிகம் பேர் வருவதில்லை.

கார் அப்பா வாங்கியது. அப்பா தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சொந்த ஊர் நாசரேத் பக்கம். உப்பளக்காரர் ஒருவர் புதுக் கார் வாங்கியபோது, பழையதை இடத்தை அடைக்கிறதென்று தள்ளிவிட்டார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். இங்கிலாந்தில் செய்த வண்டி. செய்த கம்பெனியை இழுத்து மூடியே பல காலம் ஆகிறது. மேலே கித்தான் கூரை, முன்னால் பித்தளை ரேடியேட்டர், அதற்குக் கீழே ஹேண்டில் சொருக ஒரு ஓட்டை. ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவில் இரண்டு சின்ன லிவர்கள். ஒன்று பெட்ரோலுக்கு. இன்னொன்றுதான் என் கதை.

அது நெருப்பு லிவர். பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கிற பொறியை மாக்னெட்டோ என்ற ஒரு சின்னப் பெட்டி உண்டாக்குகிறது. எஞ்சின் ஓடும்போது பொறி கொஞ்சம் முந்தி விழ வேண்டும். கையால் ஹேண்டில் போட்டுக் கிளப்பும்போது பிந்தி விழ வேண்டும். முந்தி விழுந்தால் எஞ்சின் பின்பக்கமாக உதைக்கும். உதைத்தால் ஹேண்டில் திரும்பி வந்து, பிடித்திருப்பவர் கையை அடிக்கும். பொறியை முந்தவும் பிந்தவும் வைக்கத்தான் அந்த லிவர். மேலே தள்ளினால் பிந்தும், கீழே தள்ளினால் முந்தும். இதை ஒன்பது வயதிலேயே தெரிந்துகொண்டேன், தெரிந்துகொள்ளக் கூடாத விதத்தில்.

கார் சில மாதம் ஓடாமல் கிடந்து, சரியாகி வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து, ஊரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். அப்பாதான் எப்போதும் ஹேண்டில் போடுவார். அன்றைக்கு நேரமாகிவிட்டது, வேஷ்டி மாற்றிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்தபடியே, "ஏலே, நீ வண்டியக் கெளப்பு" என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணனுக்குப் பதினைந்து வயது. நான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, டிரைவர் மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன். அந்த லிவர் ஒரு விரலுக்கே லேசாக அசைந்தது. மேலே, கீழே, மேலே, கீழே. அண்ணன் குனிந்து ஹேண்டிலைச் சுற்றியபோது அது கீழே இருந்தது. முழுக்கக் கீழே.

டப் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அண்ணனின் சத்தம். அதை எழுத எனக்கு மனசில்லை.

வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் ஒடிந்தது. சேர்த்துக் கட்டியது கோணலாகச் சேர்ந்தது. அண்ணனுக்குக் கப்பலில் போக வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசை. பள்ளிக்கூடம் விட்டால் துறைமுகப் பக்கம் போய் நின்றுகொண்டு, எந்தக் கப்பல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று நோட்டில் எழுதுவார். மெடிக்கல் பரிசோதனையில் கையைத் திருப்பச் சொன்னார்கள். திரும்பவில்லை. அத்தோடு சரி. ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் கிளார்க்காகச் சேர்ந்தார். முப்பத்தைந்து வருஷம் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏணியில் ஏறினார், கையெழுத்து வாங்கினார், இறங்கினார். கப்பல் கிளம்புவதற்கு முன்னால் இறங்கிவிட வேண்டும். அதுதான் அவருடைய வேலை.

அந்த வாரமே அப்பா காரிலிருந்து மாக்னெட்டோவைக் கழற்றினார். எங்கள் சொந்த ஊர்ச் சபையில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை வந்தது. பண்டிகைக்கு அவரவர் கையில் இருப்பதைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாழைத்தார், கோழி, வீட்டில் செய்த கேக், பழைய குத்துவிளக்கு, எதுவானாலும் ஏலம் போடுவார்கள். ஏலம் எடுத்தவர் அதையே திரும்பக் கொடுப்பார், மறுபடியும் ஏலம் போகும். ஒரே பூசணிக்காய் எந்த வீட்டுக்கும் போகாமலே நாலு தடவை விலைபோன கதையெல்லாம் உண்டு. அங்கே ஒரு பழக்கம். கடவுளுக்குக் கொடுத்ததை ஏன் கொடுத்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பது மரியாதை இல்லை. அப்பா மாக்னெட்டோவைக் கொடுத்தார். யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, என்னை அந்த வருஷம் பண்டிகைக்குக் கூட்டிப்போகவில்லை. பிள்ளைகள் இனி அந்தக் காரைத் தொடவே கூடாது என்ற கோபத்தில்தான் அப்பா அப்படிச் செய்தார் என்று நான் நினைத்தேன். கார் ஷெட்டுக்குள் போனது. அப்பா கடைசிவரை அதை விற்கவுமில்லை, அதைப் பற்றிப் பேசவுமில்லை.

லிவரைத் தள்ளியது நான்தான் என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா போனார், அம்மாவும் போனார். கல்யாணம் கட்டாத நான் மில்லர்புரம் வீட்டிலேயே இருந்தேன். அண்ணன் தூத்துக்குடியை ஒட்டியிருக்கிற புதுக்கோட்டையில் வீடு கட்டிப் போய்விட்டார். ரிட்டயர் ஆன மறுநாள் ஷெட்டைத் திறந்தேன். பொழுதுபோக்குக்கு என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பொய். அந்தக் கார் ஓடி, அதில் அண்ணனை உட்கார வைத்து, அப்போது விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் திட்டம். ஓடுகிற காரில் சொன்னால் இறங்கிப் போக மாட்டாரல்லவா. என் திட்டங்கள் எல்லாமே இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

கடல் காற்று இரும்பை என்ன செய்யும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்பக்கத் தகரம் விரலால் குத்தினால் ஓட்டை விழுந்தது. மரச் சட்டத்தைக் கறையான் முடித்திருந்தது. எஞ்சின் மட்டும் அப்பா ஊற்றி வைத்த எண்ணெயில் தப்பித்திருந்தது. தனியாக முடியாது என்று தெரிந்து, கடற்கரைப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கைப் பிடித்தேன். மீன்பிடி லாஞ்சு எஞ்சின், வள்ளத்து எஞ்சின் பார்ப்பவர். கழுத்தில் ஜெபமாலை, காதில் பென்சில். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை டீச்சர் என்பார். நான் அவரை அண்ணாச்சி என்பேன்.

சாமான் தேடியதைச் சொல்ல ஆரம்பித்தால் தனிப் புத்தகம் ஆகும். சென்னைப் புதுப்பேட்டையில் மூன்று நாள் அலைந்து, வேறொரு வண்டியின் கார்புரேட்டரை வாங்கிக்கொண்டு வந்தேன். இங்கிலாந்தில் இந்த வண்டிக்கென்றே வாழும் கிழவர்கள் இருக்கிறார்கள். ஒரு வால்வு கேட்டால், சேஸிஸ் எண் என்ன, மழை நாளில் ஓட்டியிருக்கிறார்களா என்று பதினோரு கேள்வி கேட்டு மெயில் போடுவார்கள். ஆனால் வால்வையும் அனுப்புவார்கள், பழைய சாக்ஸில் சுற்றி. முன் விளக்குக் கண்ணாடி ஒன்று கொழும்பில் ஒரு பழைய கடையில் கிடைத்தது. அண்ணாச்சியின் மச்சான் கொழும்புக்குச் சரக்குத் தோணியில் போகிறவர், திரும்பும்போது காலிச் சாக்குகளுக்கு நடுவில் வைத்து உடையாமல் கொண்டுவந்து சேர்த்தார். மாக்னெட்டோ மட்டும் கிடைக்கவில்லை. கோயம்புத்தூர், கல்கத்தா, இங்கிலாந்துக் கிழவர்கள், எல்லாரும் கையை விரித்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு நாள் அண்ணாச்சி காருக்கு அடியில் படுத்தவர் வெளியே தலையை நீட்டினார்.

"டீச்சர், இங்கன கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. நெருப்பு லிவர்ல இருந்து வார கம்பி அந்தரத்துல நிக்கி. முனைய செம்புக் கம்பி போட்டு சேஸிஸோட கட்டிருக்கு."

"அப்பா மாக்னெட்டோவக் கழத்தும்போது கட்டிருப்பாவ" என்றேன்.

"ஒங்க அப்பா கடல்ல போனவ்வொளா?"

"கணக்கு வாத்தியார்."

"அப்ப இது அவ்வொ கட்டு இல்ல. எங்க ஆளு கட்டு. லாஞ்சுல வேல பாத்த கைதான் இப்படிச் சுத்தி, இப்படி முடியும்."

"அம்பது வருசத்துக்கு முந்துன கையக் கட்டப் பாத்தே சொல்லுதியளா அண்ணாச்சி? கிளி ஜோசியத்துக்குப் போயிருக்கலாம்."

அவர் சிரித்துவிட்டு மறுபடி உள்ளே போனார். நான் அதோடு மறந்துவிட்டேன். உண்மையில் என் அப்பாவுக்கு ஒரு பார்சலைக்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாது. அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அண்ணன் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து என் வீட்டுக்கு வருவார். மக்ரூன் பொட்டலம் ஒன்று கொண்டுவருவார். முன் அறையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, கோணல் கையால் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போவார். பின்னால் ஒரு ஷெட் இருப்பதே தெரியாத மாதிரி நடந்துகொள்வார். நானும் கூப்பிட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வேலையில் நேரத்தை மறந்துவிட்டேன். டீ போட்டு வைத்துவிட்டு, அண்ணனே ஷெட் வாசலுக்கு என்னைத் தேடி வந்துவிட்டார். அப்போது நான் அந்த லிவரைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். பித்தளை பளபளவென்று வந்திருந்தது.

திட்டம் எல்லாம் பறந்துபோனது. துணியைக் கையில் பிடித்தபடியே சொன்னேன்.

"அண்ணே, அன்னைக்கு இந்த லிவரத் தள்ளுனது நாந்தான்."

அவர் லிவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என்னைக்கு?" என்றார்.

"என்னைக்கா? ஒங்க கை ஒடிஞ்ச அன்னைக்கு. சீட்டுல ஒக்காந்து வெளையாடுனேன். நீங்க ஹேண்டில் போடும்போது கீழ தள்ளிட்டேன். நீங்க கப்பலுக்குப் போகாதது என்னாலதான்."

அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். பரவாயில்லை விடு என்று சொன்னால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அவர் இரண்டும் சொல்லவில்லை. ஷெட் நிலையைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"டீ ஆறுது" என்றார். திரும்பி நடந்தார். நான் முன் அறைக்குப் போனபோது ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையைத் தாண்டியிருந்தது. அவருடைய டீ அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். போன் பண்ணினால் அண்ணிதான் எடுத்து, வெளியே போயிருக்கிறார் என்றார். நாலு ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பேருக்கு டீ போட்டு, இரண்டையும் நானே குடித்தேன். சொல்லாமலே செத்திருக்கலாம் என்று தோன்றியது. பாவ அறிக்கை செய்தால் மனசு லேசாகும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்தார்களே, அவர்களில் ஒருவர் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

ஐந்தாவது வாரம் அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும் இடம். அதற்குக் கீழே, "அந்த ஸ்கூல் லேப்ல கேட்டுப் பாரு. மாக்னெட்டோ அங்கன இருக்கும்." அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. வாழ்நாள் பாரத்தை ஒருவர் காலடியில் இறக்கி வைத்தால், அவர் பதிலுக்கு விலாசம் அனுப்புகிறார். வீம்புக்கு இரண்டு நாள் போகாமல் இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் பஸ் ஏறிவிட்டேன்.

பிசிக்ஸ் லேப் அலமாரியில், விரிசல் விட்ட கண்ணாடி ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது. குதிரைலாட வடிவக் காந்தம், கறுத்த பித்தளை, மேலே வெள்ளைப் பெயிண்டில் ஒரு நம்பர். அந்தக் காலத்துச் சயின்ஸ் வாத்தியார் பண்டிகை ஏலத்தில் எடுத்து லேபுக்குக் கொடுத்தாராம். சின்ன வயதுக்கார பிசிக்ஸ் டீச்சர் ஒருத்தி, அதை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறேன் என்றதும் முகம் சுருங்கினாள்.

"இதத்தான் மேடம் பிள்ளையள் வருசம் பூரா எதிர்பாத்துட்டு இருக்கும். எல்லாரும் கையக் கோத்துகிட்டு வட்டமா நிக்கணும். ஒரு ஆளு இதச் சுத்துனா எல்லாருக்கும் ஷாக் அடிக்கும். கத்துற கத்துல பக்கத்துக் கிளாஸ் ஓடி வந்துரும்."

ஹெட்மிஸ்ட்ரஸ், லேப் சாமானைத் தூக்கிக் கொடுக்க முடியாது என்றார். நியாயம்தான். கையால் சுற்றுகிற புது டைனமோ ஒன்றை நானே செய்து தருகிறேன், கூடவே ஒரு நாள் முழுக்க வகுப்பும் எடுக்கிறேன் என்று பேரம் பேசினேன். ஒப்புக்கொண்டார். டைனமோவோடு திரும்பப் போய் நடத்திய அந்த வகுப்பின் கடைசியில் பிள்ளைகள் என்னையும் வட்டத்தில் இழுத்துக்கொண்டார்கள். பிசிக்ஸ் டீச்சர் மாக்னெட்டோவைச் சுற்றினாள். வலது மணிக்கட்டு வரை சுரீர் என்று ஏறியது. பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். நானும் கத்தினேன், ஆனால் சிரிக்க முடியவில்லை.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். லிவரிலிருந்து வரும் கம்பி வந்து பிடிக்க ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதைக் காணோம். எங்கேயாவது விழுந்து ஒடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருஷம் பாடம் நடத்தியவளின் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

அண்ணாச்சி அதை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை ஒடியல டீச்சர். இதுக்குக் கையே கெடையாது."

"அது எப்படி?"

"இது கார் மாக்னெட்டோ இல்ல. லாஞ்சுக்கு உள்ளது. லாஞ்சுக்கு எதுக்கு லிவரு? இதுல பொறி எப்பவும் ஒரே எடத்துலதான் விழும். முந்தித்தான் விழும்."

"அப்ப கெளப்பும்போது ஒதைக்காதா?"

"ஒதைக்காம இருக்கத்தான் முன்னால ஒரு ஸ்பிரிங் கப்ளிங் போட்டு வரும். மெல்லச் சுத்தும்போது அது பொறியப் பிந்த வைக்கும். கார்ல எடம் பத்தலன்னு அதக் கழத்தி எறிஞ்சிட்டு மாட்டிருக்கான்." வெட்கத்தோடு சொன்னார். "எங்க ஆளுதான். படகுச் சாமான எங்கன வேணா மாட்டிப் பாக்குறது எங்க ஊரு வியாதி."

பிறகு அவர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சுண்டுவிரலால் அந்த லிவரைத் தள்ளினார். மேலே, கீழே. "அந்தக் கட்டு மாக்னெட்டோவக் கழத்துனப்பக் கட்டுனது இல்ல. இத மாட்டுனப்பவே கட்டுனது. கம்பி இழுபட்டுச்சுன்னா லிவரு இவ்வளவு லேசாவா போகும்?"

ஒரு விரலுக்கே லேசாக அசைந்த லிவர். என் விரலுக்கு அது இன்னும் ஞாபகம் இருந்தது. பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியில் உட்கார்ந்துவிட்டேன். நான் அன்றைக்குத் தள்ளிய லிவர் எதையும் அசைக்கவில்லை. அது மேலே இருந்திருந்தாலும் எஞ்சின் உதைத்திருக்கும். யார் ஹேண்டில் போட்டிருந்தாலும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் உதைத்திருக்கும்.

"டீச்சர், தண்ணி குடிக்கியளா?" என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருந்தார். நான் போனை எடுத்தேன். இந்தத் தடவை அண்ணனே எடுத்தார்.

"அண்ணே" என்றேன்.

"பாத்துட்டியா?" என்றார்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"பழைய மாக்னெட்டோ கெட்டுப்போயி இத மாட்டும்போது ஸ்பேனரப் பிடிச்சுகிட்டு நின்னதே நாந்தானளா. லாஞ்சு மேஸ்திரி சொன்னாரு, வாத்தியாரே, இது ஒதைக்கும், ஹேண்டில நீங்க மட்டும் பாத்துப் போடுங்க, பையன்ட்டக் குடுத்துராதீங்கன்னு. அம்மா வேண்டாம்னுதான் சொன்னாவ. ஒழுங்கான மாக்னெட்டோ வாரதுவரைக்கும் பொறுப்போம்னு. அப்பாவுக்குப் பொறுமை இல்ல. அன்னைக்குக் கல்யாணத்துக்குப் பிந்திட்டுன்னு மறந்துட்டாவ."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"ஆஸ்பத்திரில அப்பா என் கட்டில்ல ஒக்காந்து அழுதாவ. நீ அதப் பாத்ததில்ல. யார்ட்டயும் சொல்லிராதடேன்னாவ. நான் சொல்ல மாட்டேம்னேன். நீ ஒம்பது வயசுல இருந்து இதச் சொமந்துகிட்டுத் திரியுதன்னு எனக்கு எப்படிளா தெரியும்? நீ சொன்ன அன்னைக்கு எனக்கு ஒறக்கம் போச்சு. வாக்கு குடுத்துட்டேன், வாயால சொல்ல முடியாது. அதான், நீயே பாத்துக்கிடட்டும்னு, ஏலத்துக்குப் பெறவு அது போனதா அப்பா சொன்ன எடத்தச் சொன்னேன்."

"அப்பா போயி எத்தன வருசம் ஆச்சு! செத்தவ்வொளுக்குக் குடுத்த வாக்கு ஒங்களுக்குப் பெருசாப் போச்சு, நான் நாலு வாரம் கெடந்து சாவலாமா?"

நன்றாகக் கத்தினேன். அண்ணாச்சி மெதுவாக எழுந்து வெளியே போய்விட்டார். கத்தி முடித்தபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் அவரும் அழுதுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பல நாள் அப்பா மேல்தான் கோபம். பிள்ளைகள் மேல் கோபப்பட்டுக் கழற்றினார் என்று நினைத்தேனே, அது கோபம் இல்லை. கண்ணில் படக் கூடாது என்று கழற்றியிருக்கிறார். யாரும் ஏன் என்று கேட்க முடியாத ஒரே இடத்தில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். சபையில் எல்லாரும் கைதட்டி வாங்கியிருப்பார்கள். அந்தக் கைதட்டலை அவர் எப்படிக் கேட்டுக்கொண்டு நின்றார் என்று யோசிக்கும்போது கோபம் கொஞ்சம் இறங்கும். தெருவில் நின்று ஒரு வார்த்தை, என் தப்பு என்று சொல்லியிருந்தால் போதுமே என்று நினைத்தால் திரும்ப ஏறும். நானும் ஐம்பத்திரண்டு வருஷம் சொல்லாதவள்தான். நான் அவர் பெண் என்பதில் சந்தேகமே இல்லை.

இங்கிலாந்துக் கிழவர்களில் ஒருவர் சரியான மாக்னெட்டோ ஒன்றை அடுத்த வருஷம் தேடித் தருவதாக எழுதினார். நான் வேண்டாம் என்றேன். இதே மாக்னெட்டோ போதும். உள்ளே இருந்த சுருளைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிப் புதிதாகச் சுற்றி வாங்கினேன். அண்ணாச்சி தன் ஒர்க்‌ஷாப் பரணில் இருந்து ஒரு பழைய ஸ்பிரிங் கப்ளிங்கை எடுத்து வந்தார். அன்றைக்குக் காரில் இடம் பற்றாத சாமானுக்கு அவர் லேத்தில் தண்டைச் சுருக்கி இடம் உண்டாக்கினார். மூன்று தடவை தப்பாகி நான்காவது தடவை பொருந்தியது. "எங்க ஆளு பாதில விட்ட வேலைய எங்க ஆளே முடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு, அந்தச் செம்புக் கம்பிக் கட்டை மட்டும் அவிழ்க்காமல் விட்டார்.

வேலை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு நேராக ஷெட்டுக்குள்ளேயே வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ரேடியேட்டரை உள்ளங்கையால் தடவினார். அண்ணாச்சி ஹேண்டிலைக் கையில் எடுத்தார். அண்ணன் கையை நீட்டினார்.

"எங்கிட்டக் குடுங்க."

"அண்ணே, வேண்டாம்" என்றேன். "அண்ணாச்சி போடட்டும். ஒங்களுக்கு அறுபத்தேழு வயசு ஆவுது."

"நீ போய் ஒன் எடத்துல ஒக்காரு."

டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தேன். அண்ணன் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக் குனிந்தார். வலது கையால்தான் பிடித்தார். கோணல் மணிக்கட்டு ரேடியேட்டருக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் தெரிந்தது.

"கட்டைவெரல ஹேண்டிலச் சுத்தி மடக்காதீங்க" என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்து முன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "ஏளா, அந்த லிவரத் தள்ளு."

"எதுக்கு? அதுலதான் ஒண்ணும் இல்லல்லா."

"ஒண்ணும் இல்லன்னு தெரியும்லா? பெறவு என்ன, தள்ளு. அன்னைக்குத் தள்ளுன மாதிரியே தள்ளு."

எனக்கு எல்லாம் தெரியும். கம்பி எங்கே நிற்கிறது, எப்படிக் கட்டியிருக்கிறது, கப்ளிங் எப்படி வேலை செய்யும் என்று பலகையில் படம் போட்டு விளக்குவேன். இருந்தும் கை போகவில்லை. விரல் லிவருக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. அண்ணன் ஹேண்டிலைப் பிடித்தபடியே காத்துக்கொண்டு நின்றார். அவசரப்படுத்தவில்லை.

நான் லிவரைக் கீழே தள்ளினேன். முழுக்கக் கீழே.

அண்ணன் சுற்றினார். கப்ளிங் டக் என்றது. ஒன்றுமில்லை. மறுபடி சுற்றினார். டக். மூன்றாவது சுற்றில் எஞ்சின் ஒரு தடவை தும்மி, பின்னால் ஒரு கூடை கறுப்புப் புகையைத் தள்ளி, பிடித்துக்கொண்டது. ஷெட் தகரம் எல்லாம் கடகடவென்று ஆடியது. அண்ணாச்சி சிலுவை போட்டுக்கொண்டார்.

அண்ணன் ஹேண்டிலை உருவிக்கொண்டு நிமிர்ந்தார். சட்டையெல்லாம் கரி. அந்த வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, திரும்புகிற அளவுக்கு இப்படியும் அப்படியும் திருப்பி எனக்குக் காட்டினார்.

"பாரு" என்று எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினார். "ஒண்ணும் ஆகல."